சைவத்துக்கு மாறிய பின் உணவகத்தில் சாப்பிடுவது: புதியவர்களுக்கான வழிகாட்டி

சைவத்துக்கு மாறிய முதல் மாதத்தில் வீட்டுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. அடுப்பில் எது ஏறுகிறது, எது ஏறவில்லை என்பது என் கையில் இருந்தது. வெளியே சாப்பிடப் போன நாட்களில்தான் திண்டாடினேன். மூன்றாவது வாரத்தில் ஓர் உணவகத்தில் ‘காய்கறி சூப்’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கி, முக்கால் கிண்ணம் குடித்து முடித்த பிறகு, கரண்டியில் அரிசி அளவுக்கு ஓர் எலும்புத் துணுக்கு வந்தது. பரிமாறியவரை அழைத்துக் கேட்டேன். “உள்ளே போட்டது காய்கறி மட்டும்தான், வேகவைத்ததுதான் கோழிச் சாற்றில்” என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார். அவர் என்னை ஏமாற்றவில்லை. “இது சைவமா?” என்று நான் கேட்டேன், அவருக்குத் தெரிந்த அளவில் ஆம் என்றார். “இது எதில் வெந்தது?” என்று கேட்டிருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஓர் ஆண்டு, தட்டுத் தட்டாகத் தவறு செய்து கற்றுக்கொண்டதைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். தட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சித் துண்டை யாரும் ஒதுக்கிவிடலாம். உங்களைக் கவிழ்ப்பவை கண்ணுக்குத் தெரியாத நான்கு: வேகவைத்த நீர், பொரித்த கொழுப்பு, ஊற்றிய சாஸ், மேலே தூவிய தூள். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. கிளம்புவதற்கு முன் உங்கள் எல்லையை எழுதுங்கள்

இதை மனத்திலேயே முடிவு செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பசியோடு உட்கார்ந்திருக்கும்போது, பரிமாறுபவர் பேனாவோடு காத்திருக்கும்போது, “முட்டை பரவாயில்லையா?” என்ற கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியாமல் போகும். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதலாவது, எந்த நிலையிலும் வேண்டாதவை: இறைச்சி, கோழி, மீன், இறால், இவற்றின் சாறு, கொழுப்பு. இரண்டாவது, தெரிந்தால் தவிர்ப்பவை: விலங்கு ரென்னெட் (பாலை உறையவைக்கும் நொதி) சேர்த்த பாலாடைக்கட்டி, ஜெலட்டின் (விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் உறைபொருள்), மீன் பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு போன்றவை. மூன்றாவது, பரவாயில்லை என்று நீங்கள் ஏற்றுக்கொள்பவை: பால், தேன், முட்டை, இறைச்சி வாட்டிய அதே கல்லில் வாட்டியது என்று உங்கள் மனம் ஒப்புவது எதுவோ அது. எது எந்தப் பத்தியில் வரவேண்டும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பத்திகளும் நிரம்பியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தமிழில் ‘சைவம்’ என்றால் பெரும்பாலோர் முட்டையையும் விலக்கியே புரிந்துகொள்கிறோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டையும் பாலும் அதில் அடக்கம். ‘வீகன்’ என்றால் பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லை. சீன பௌத்த மரபின் சைவத்திலோ பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு, ஆனால் இறைச்சி போலவே செய்த சில பண்டங்களில் முட்டை வெள்ளைக்கருவோ பாலோ சேர்ந்திருக்கலாம். இன்னொன்று: சில மொழிகளின் பேச்சு வழக்கில் ‘இறைச்சி’ என்ற சொல் ஆடு, மாடு, பன்றியை மட்டுமே குறிப்பதுண்டு. ஸ்பானிய மொழி பேசும் இடங்களில் ‘கார்னே’ வேண்டாம் என்று சொன்னால் கோழியோ சூரை மீனோ தட்டில் வரக்கூடும். சொன்னவர் மீதும் தவறில்லை, கொண்டுவந்தவர் மீதும் தவறில்லை. ஆகவே சைவம் என்ற ஒரே சொல்லை நம்பி எதையும் ஒப்படைக்காதீர்கள். வேண்டாதவற்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

2. உணவகத்தைத் தேர்ந்தெடுத்தல்

முழுச் சைவ உணவகம் கிடைத்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. கிடைக்காத நாட்களே அதிகம் என்பதால், கலப்பு உணவகத்தின் மெனுவை முதல் நாளே இணையத்தில் எடுத்துப் பாருங்கள். சைவ உணவு எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, இருப்பவற்றில் புரதம் உள்ளது எத்தனை என்று எண்ணுங்கள். பருப்பு, பயறு, டோஃபு (சோயாப் பால் கட்டி), பாலாடைக்கட்டி, முட்டை என்று ஏதாவது ஒன்று நடுவில் இல்லாத உணவு, எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும், இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். முதல் மாதங்களில் இலைக்கலவையும் வறுத்த உருளைக்கிழங்கும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த இரவுகள் எனக்குப் பல உண்டு.

மெனுவில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தோ சிறிய இலைப் படமோ இருந்தால், அதன் விளக்கத்தைப் பக்கத்தின் அடியில் தேடிப் படியுங்கள். ஒரு கடையில் அது சைவத்தைக் குறிக்கும், பக்கத்துக் கடையில் வீகனைக் குறிக்கும். ‘தாவர அடிப்படையிலானது’ என்ற சொற்றொடர் இன்னும் வழுக்கலானது. பர்கருக்கு நடுவிலுள்ள வடை மட்டும் தாவரமாக இருக்கும். மேலே தடவிய மயோனைஸில் முட்டை இருக்கும், பாலாடைக்கட்டி இருக்கும், வாட்டியது மாட்டிறைச்சி வாட்டிய அதே கல்லில் இருக்கும். சங்கிலி உணவகங்களிலும், ஒரு நாட்டில் சைவம் என்று தெரிந்துகொண்டதை இன்னொரு நாட்டில் அப்படியே நம்பக் கூடாது; ஒரே பெயரில் விற்கும் வறுத்த உருளைக்கிழங்கே நாட்டுக்கு நாடு வேறு எண்ணெயிலும் வேறு சுவையூட்டியோடும் வருகிறது. பெல்ஜியத்தில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய வழக்கம்.

3. தொலைபேசியில் கேட்கும் நேரம்

மதிய உணவு முடிந்து இரவு உணவு தொடங்காத இடைவேளையில் அழையுங்கள். பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை சரியாக இருக்கும். மதியம் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அழைத்தால் எடுப்பவர் வாயிலில் நிற்பவராக இருப்பார், உள்ளே போய்க் கேட்க அவருக்கு நேரம் இருக்காது, “எல்லாம் இருக்கிறது, வாருங்கள்” என்று சொல்லி வைத்துவிடுவார். இடைவேளையில் அழைத்தால் சமையற்காரரே பேச வாய்ப்பு உண்டு. அவரிடம் மூன்று கேள்விகள் போதும்: சூப்புக்கும் குழம்புகளுக்கும் அடிப்படைச் சாறு எது, பொரிக்கும் எண்ணெய் தனியா பொதுவா, சைவத்துக்காக இன்று உங்களால் என்ன செய்து தர முடியும். மூன்றாவது கேள்வி மிகவும் பயன்படும். மெனுவில் இல்லாத நல்ல உணவுகளை எனக்கு வாங்கித் தந்தது அதுதான்.

விலை நிர்ணயித்து வரிசையாகப் பரிமாறும் விருந்து உணவகங்களில் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய சாறும் சாஸும் முதல் நாளே தயாராகிவிடும், மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் கழித்துத்தான் தர முடியும், மாற்றித் தர முடியாது. மாநாடு, திருமணம், அலுவலக விருந்து என்றால் ஒரு வாரம் முன்பு எழுத்தில் தெரிவித்து, முதல் நாள் மீண்டும் நினைவூட்டுங்கள். அங்கே சைவத் தட்டுகளின் எண்ணிக்கை கணக்கிட்டே வரும் என்பதால், அசைவம் சாப்பிடுபவர்கள் நல்லா இருக்கிறதே என்று உங்கள் பங்கை எடுத்துவிடுவதும் நடக்கும். முதல் ஆளாகப் போய் வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

விமானப் பயணத்துக்கும் இதே முறைதான். பல நிறுவனங்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பு பதிவு கேட்கின்றன, சில இன்னும் கூடுதலாக. பயணச்சீட்டுப் பக்கத்தில் வரும் நான்கெழுத்துக் குறியீடுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: வி.எல்.எம்.எல். என்றால் பாலும் முட்டையும் உள்ள சைவம், வி.ஜி.எம்.எல். என்றால் வீகன், ஏ.வி.எம்.எல். என்றால் மசாலா சேர்த்த ஆசிய முறைச் சைவம், பெரும்பாலும் பால் உண்டு, முட்டை இல்லை. விமானம் மாற்றப்பட்டால் உணவுக் கோரிக்கை கூடவே வராமல் போகலாம்; மாற்றம் வந்த உடனே மறுபடி சரிபாருங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய தாள்

மொழி தெரியாத ஊரில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால், அந்த மொழியில் எழுதிய ஒரு சீட்டு பாஸ்போர்ட்டுக்கு அடுத்த முக்கியமான ஆவணம். ‘நான் சைவம்’ என்று ஒரு வரி எழுதுவது வீண். என் சீட்டு இப்படி இருக்கும்:

“நான் ஆடு, மாடு, பன்றி, கோழி, மீன், இறால், நண்டு, சிப்பி எதையும் சாப்பிடுவதில்லை. இவற்றின் எலும்பிலோ சதையிலோ எடுத்த சாறு, இவற்றின் கொழுப்பு, மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது ஆகியவையும் வேண்டாம். பால், தயிர், வெண்ணெய், முட்டை சாப்பிடுவேன். காய்கறி, தானியம், பருப்பு, டோஃபு, காளான் எல்லாம் சாப்பிடுவேன். தெரியாவிட்டால் சமையற்காரரிடம் காட்டுங்கள். நன்றி.”

சாப்பிடுபவற்றையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வேண்டாதவை மட்டும் நிறைந்த சீட்டைப் பார்த்தால் சமையற்காரர் திகைத்து வெறும் சோறு தருவார். வேண்டியவையும் இருந்தால் அவர் மனம் உடனே ஏதோ ஒன்றைச் சமைக்கத் தொடங்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்ததை அந்த மொழி பேசும் ஒருவரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். தாளில் அச்சிட்டு இரண்டு பிரதி வையுங்கள், ஏனென்றால் சமையலறைக்குள் போன ஒரு பிரதி திரும்பி வராது. கைப்பேசியை உள்ளே கொடுத்தனுப்பவும் முடியாது.

இன்னோர் ஆவணம், ஒவ்வாமைப் பொருட்களின் அட்டவணை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிக் கேட்பவருக்கு விவரம் தர வேண்டும். பால், முட்டை, மீன், இறால்–நண்டு வகை, சிப்பி–கணவாய் வகை ஆகியவை அந்த 14-இல் வருவதால், ஒளிந்திருக்கும் மீன் சாஸையும் சிப்பி சாஸையும் பிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் இதில்தான் நான் விழுந்த பொறியும் இருக்கிறது: இறைச்சி அந்தப் பட்டியலிலேயே இல்லை. கோழிச் சாறும் பன்றிக்கொழுப்பும் மாட்டு ஜெலட்டினும் ஒவ்வாமைக் கட்டங்களில் எந்த அடையாளமும் இல்லாமல் கடந்துபோகும். அட்டவணை வெற்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கினால் ஏமாறுவீர்கள். அமெரிக்கப் பொட்டல உணவுகளுக்கான பட்டியலில் 9 பொருட்களே உண்டு. அதில் இறால், நண்டு வகை வரும், சிப்பி வகை வராது.

5. எந்தச் சமையலில் எது ஒளிந்திருக்கும்

இந்தப் பகுதியை மட்டுமாவது கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

ஜப்பானியச் சமையலின் உயிர் ‘தாஷி’ என்னும் சாறு. கடற்பாசியையும், உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனின் சீவல்களையும் வைத்து எடுப்பது அது. மீசோ சூப், நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, டெம்புராவுக்கான தொட்டுகை, டோஃபு மேல் ஊற்றும் சாறு, முட்டைச் சுருள் என்று எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். சமையற்காரரைப் பொறுத்தவரை அது மீன் அல்ல, சுவை. எனவே மீன் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ஒருமுறை வாட்டிய கத்தரிக்காய் கேட்டேன். வந்த தட்டின் மேல், இழைப்புளியில் சீவிய மரச்சுருள் போல இளஞ்சிவப்பில் ஏதோ ஒன்று ஆவியில் நெளிந்து நெளிந்து ஆடிக்கொண்டிருந்தது. அலங்காரக் காகிதம் என்று நினைத்து வாயருகே கொண்டுபோன பிறகு மூக்குக்கு எட்டியது கருவாட்டு வாசம். வெள்ளரிக்காய்ச் சுருள், அவகாடோச் சுருள், அவித்த பச்சை சோயா ஆகியவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பௌத்த மடங்களின் ‘ஷோஜின்’ சமையலில் தாஷியைக் கடற்பாசியிலும் காளானிலும் எடுக்கிறார்கள். அந்தப் பெயர் மெனுவில் கண்ணில் பட்டால் தயங்காதீர்கள்.

தாய்லாந்து, வியட்நாம் சமையலில் உப்புக்கு இணையான இடம் மீன் சாஸுக்கு. தாய்லாந்துக் குழம்புகளின் மசாலா விழுதில் இறால் விழுது ஏற்கெனவே அரைபட்டிருப்பதால், சமைக்கும்போது சேர்க்காதீர்கள் என்று சொல்வது பயன்படாது. பச்சைப் பப்பாளிக் கலவையில் உலர்ந்த இறால் இருக்கும். தாய்லாந்தில் ‘ஜே’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்; மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தாகக் கடை வாயிலில் தொங்கும், பாலும் முட்டையும் பூண்டும்கூட இல்லாத உணவு என்று பொருள். வியட்நாமில் அதற்கு ஈடான சொல் ‘சாய்’. கொரியாவில் கிம்ச்சி என்னும் காய்கறி ஊறுகாயைப் பொதுவாக மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்த்தே ஊறவைக்கிறார்கள், சூப்புகளுக்கு நெத்திலிச் சாறு.

சீன உணவகத்தில் காய்கறிப் பிரட்டலின் பளபளப்புக்குக் காரணம் பெரும்பாலும் சிப்பி சாஸ். காளான் சாஸ் போட்டுத் தரச் சொன்னால் பல இடங்களில் மாற்றித் தருவார்கள். மாபோ டோஃபுவிலும் வறட்டிய பீன்ஸிலும் கொத்திய பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். பெயரில் டோஃபு, பீன்ஸ் என்று மட்டுமே இருக்கும். கோழித் தூளையும் விடாமல் கேளுங்கள்.

இத்தாலிய உணவகத்தை எல்லோரும் பாதுகாப்பானது என்பார்கள், ஓரளவுக்கு அது உண்மை. ஆனால் ரிசோட்டோ என்னும் குழைந்த அரிசி உணவைப் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றிலேயே வேகவைக்கிறார்கள், புட்டனெஸ்கா சாஸில் நெத்திலி உண்டு. பாலாடைக்கட்டிதான் பெரிய கேள்வி. பார்மிஜியானோ ரெஜியானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டால் மட்டுமே உறையவைக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி; கிரானா பதானோவும் விலங்கு ரென்னெட்டில் உறைவதே, பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். பேசில் என்னும் துளசி வகை இலையும் பைன் பருப்பும் அரைத்த பெஸ்டோவுக்குள்ளும் இவை இருக்கும். இது உங்கள் இரண்டாம் பத்தியில் இருந்தால் “சீஸ் தூவாமல் தாருங்கள்” என்று முதலிலேயே சொல்லுங்கள். மொட்சரெல்லா போன்றவற்றுக்குத் தாவர, நுண்ணுயிர் ரென்னெட் பயன்படுத்தும் தயாரிப்பாளர்களும் உண்டு, கேட்டுத்தான் அறிய வேண்டும். சீசர் சாலட் இலைதானே என்று வாங்காதீர்கள். அதன் சாஸில் நெத்திலி.

மெக்சிகோ உணவில் மசித்து வதக்கிய பீன்ஸ் பன்றிக்கொழுப்பில் வதங்கியிருக்கலாம், சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். பிரெஞ்சு வெங்காய சூப் மாட்டுச் சாறு. கொண்டைக்கடலை வடை போன்ற பாலாஃபல், கொண்டைக்கடலை மசியலான ஹம்முஸ், பார்ஸ்லி இலைக்கலவை ஆகியவை எங்கே போனாலும் உங்களைக் காப்பாற்றும், பாலாஃபல் பொரித்த எண்ணெயை மட்டும் விசாரியுங்கள். எத்தியோப்பிய உணவகம் பக்கத்தில் இருந்தால் ‘நோன்புத் தட்டு’ கேளுங்கள். அங்குள்ள மரபுவழிக் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விலங்குணவை விலக்குவதால் பருப்பும் கீரையும் நிறைந்த தட்டுகள் அவர்கள் சமையலிலேயே உண்டு. கிரேக்க நோன்பு உணவில் மட்டும் கவனம் தேவை: அங்கே இறாலும் கணவாயும் நோன்புக்கு விலக்கல்ல.

6. மேசையில் கேட்கும் முறை

பரிமாறுபவர் வந்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பானம் எல்லாம் சொல்லி முடித்து, உணவும் சொல்லி முடித்து, அவர் திரும்பும்போது “அப்புறம் ஒன்று” என்று தொடங்கினால் அவர் குறிப்பில் அது ஏறாது. பிறகு ஒரே ஓர் உணவைக் குறிப்பிட்டு, நீர், கொழுப்பு, சாஸ், தூவல் என்ற வரிசையில் கேளுங்கள். “இது எந்தச் சாற்றில் வேகிறது? எந்த எண்ணெயில் வதக்குகிறீர்கள்? சாஸில் என்னென்ன சேர்கிறது? மேலே எதைத் தூவுகிறீர்கள்?” ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைவிடப் பொருளின் பெயரைப் பதிலாகக் கேட்கும் கேள்விகளே பயன்படும். “இருக்காது என்று நினைக்கிறேன்” என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பொருள் தெரியாது என்பதே. புன்னகையோடு “ஒருமுறை உள்ளே கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று சொன்னால் பெரும்பாலோர் போய்க் கேட்கிறார்கள்.

ஒவ்வாமை என்று பொய் சொன்னால் வேலை எளிதாக முடியும் என்று சிலர் உங்களுக்கு அறிவுரை தருவார்கள். நானும் ஒருமுறை சொன்னேன். தனிப் பலகை, தனிக் கத்தி, கழுவிய கல் என்று சமையலறை முழுவதும் எனக்காக நின்றது. அரை மணி நேரம் கழித்து மேலாளரே வந்து, பொறுப்பேற்க முடியாது என்று வருத்தத்தோடு மறுத்துவிட்டார். பசியோடு வெளியே வந்தேன். உண்மையாகவே ஒவ்வாமை உள்ளவர் அடுத்த நாள் அங்கே வந்தால் அவர் பேச்சின் மதிப்பையும் நான் குறைத்திருப்பேன் என்பது தெருவில் நடக்கும்போதுதான் உறைத்தது.

7. தவறான தட்டு வந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நடக்கும். சாப்பிடுவதை நிறுத்துங்கள், குரலை உயர்த்தாமல் பரிமாறியவரை அழையுங்கள், “நான் சைவம் கேட்டிருந்தேன், இதில் இறைச்சி இருக்கிறது, புதிதாகச் செய்து தர முடியுமா?” என்று கேளுங்கள். ‘புதிதாக’ என்ற சொல்லை விடாதீர்கள், இல்லாவிட்டால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டு திரும்பி வரும். மாற்றுத் தட்டு வரும்வரை பழைய தட்டை மேசையிலேயே வைத்திருக்கச் சொல்வது நல்லது. அதைக் காட்டி விளக்கவும் வசதியாக இருக்கும். முக்கால்வாசி சாப்பிட்ட பிறகு தெரியவந்தால் மனத்தைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம், உங்கள் முடிவு ஒரு கிண்ண சூப்பில் கரைந்துவிடாது.

8. செலவு

சைவம் மலிவு என்ற நம்பிக்கை உணவகத்தில் எப்போதும் செல்லாது. இறைச்சியை நீக்கித் தரச் சொன்னால் பல இடங்களில் விலை குறையாது. அதனால் ‘நீக்கி’ என்பதற்குப் பதிலாக ‘மாற்றி’ என்று கேளுங்கள். கோழிக்குப் பதில் டோஃபுவோ காளானோ கூடுதல் பயறோ போட முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று சொல்லும்போதே கேட்டுவிட்டால் பில்லில் அதிர்ச்சி இருக்காது. முதன்மை உணவு ஒன்றும் சரிவராதபோது, மூன்று துணை உணவுகளைச் சேர்த்து ஒரு தட்டாகத் தரச் சொல்வது பல நேரம் விலையிலும் குறைவு, வயிற்றுக்கும் நிறைவு. பஃபேயில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கரண்டிகள் பாத்திரம் மாறுவது அங்கே சாதாரணம் என்பதால், வரிசை திறந்த முதல் கால் மணி நேரத்தில் எடுத்துக்கொள்வதே நல்லது.

நண்பர்களோடு போனால், பில்லைச் சமமாகப் பிரிப்பதா, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் தருவதா என்பதை உட்காரும்போதே பேசிக்கொள்ளுங்கள். பில் வந்த பிறகு இதை எழுப்பினால் கஞ்சத்தனம் போல ஒலிக்கிறது. இடத்தை நீங்களே முன்மொழிவது இன்னும் நல்லது. இரண்டு இடங்களைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அடுத்தவர் தட்டைப் பற்றி மேசையில் பேசாதீர்கள். அவர்கள் உங்கள் தட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.

9. இனிப்பும் பானமும்

பன்னா கோட்டா, மூஸ், மார்ஷ்மெல்லோ, சுடாமல் உறையவைக்கும் சீஸ்கேக் ஆகியவற்றில் ஜெலட்டினை எதிர்பாருங்கள்; அகர் அகர் என்றால் கடற்பாசி, கவலையில்லை. பை எனப்படும் பழ அடைகளின் மேலோட்டில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். சிவப்பு நிற இனிப்புகளில் இ120 என்ற எண் வந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன். ஒயினையும் சில பீர்களையும் தெளியவைக்க மீனின் காற்றுப்பை, முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின் போன்றவற்றைப் பயன்படுத்துவது உண்டு. பிளடி மேரி என்னும் தக்காளிச் சாற்று மதுக்கலவை குடிப்பவர்கள் அதில் சேரும் வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

10. பதிவு வைத்துக்கொள்ளுங்கள்

கைப்பேசியில் ஒரு குறிப்பைத் திறந்து, போன உணவகம், கேட்ட தேதி, சாப்பிட்ட உணவு, யார் என்ன பதில் சொன்னார் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். “சூப்: கோழிச் சாறு, வேண்டாம். காளான் நூடுல்ஸ்: சமையற்காரர் உறுதி செய்தார். எண்ணெய்: மீனும் அதே சட்டி” என்ற அளவு போதும். நான்கைந்து மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய ஆறேழு இடங்கள் உங்களுக்குச் சேர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள், சாஸ் வாங்கும் நிறுவனம் மாறியிருக்கும், சமையற்காரர் மாறியிருப்பார். எனக்குக் கோழிச் சாற்றில் சூப் தந்த அந்த உணவகத்தில் இப்போது காய்கறிச் சாற்றில்தான் வைக்கிறார்கள். என் குறிப்பில் பழைய வரியை அடித்துவிட்டு, கேட்ட தேதியை எழுதியிருக்கிறேன்.